வெள்ளுடையும் பசும்புல்லும்: பழம்படங்களில் ஆங்கிலேயர் டென்னிஸ்

பத்தாண்டு நிறைவு மலர் ஒன்றைத் தொகுக்கும்போது எந்த இலக்கிய வட்டத்தாரும் முதலில் தேடுவது பழைய புகைப்படங்களையே. தொடக்க நாள் கூட்டத்தில் எடுத்த குழுப்படம் எவர் வீட்டு அலமாரியிலிருந்தேனும் வெளிப்படும். அதை மேசைமேல் வைத்துக்கொண்டு, நடுவில் அமர்ந்தவர் யார், பின்வரிசையில் நின்றவர் யார் என்று பெயர் குறிப்போம். அன்று நாற்காலிகளைச் சுமந்து வந்து போட்டவர் பெரும்பாலும் படத்தில் இரார். இருப்பின் தோளோடு வெட்டுண்டு விளிம்பில் நிற்பார்.

படச்சட்டத்தின் நடுவில் யாருக்கு இடம், விளிம்பில் யாருக்கு இடம் என்னும் இந்த வினாவோடு வேறொரு நாட்டின் பழம்படங்களைப் பார்க்க விழைந்தேன். ஆங்கிலேயரின் புல்தரை டென்னிஸைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அவ்விளையாட்டும், புகைப்படக்கலையின் வளர்ச்சியும், நகைச்சுவை இதழ்களின் செல்வாக்கும் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரே காலத்தில் தழைத்தவை. ஆகவே அதன் வரலாறு எழுத்தில் உள்ள அளவுக்குப் படங்களிலும் உள்ளது. அப்படங்கள் விளையாட்டைப் பற்றிச் சொல்வதைவிட அதை ஆடிய சமுதாயத்தைப் பற்றிச் சொல்வது மிகுதி.

பெட்டியில் வந்த விளையாட்டு

1860களில் பர்மிங்ஹாமின் எட்ஜ்பாஸ்டன் பகுதியில் ஹாரி ஜெம் என்னும் வழக்கறிஞரும், அவர்தம் நண்பரான அவுகுரியோ பெரைரா என்னும் ஸ்பானிய வணிகரும் புல்வெளியில் மட்டையும் பந்தும் கொண்டு ஆடிப் பார்த்தனர். எனினும் அவ்விளையாட்டை நாடெங்கும் பரப்பியவர் மேஜர் வால்டர் கிளாப்டன் விங்ஃபீல்ட் ஆவார். 1874ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் காப்புரிமை பெற்றார். வலை, கம்பங்கள், மட்டைகள், ரப்பர்ப் பந்துகள், விதிநூல் ஆகிய அனைத்தையும் ஒரே பெட்டியில் அடைத்து ஐந்து கினி விலைக்கு விற்றார். கிரேக்க மொழியிலிருந்து 'ஸ்பேரிஸ்டிகே' என்றொரு பெயரும் சூட்டினார். ஆங்கிலேயர் நாவில் அது நுழையவில்லை. 'ஸ்டிக்கி' என்று கேலியாகக் குறுகிற்று. பிறந்த அன்றே நகைப்புக்கு ஆளான விளையாட்டு இது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

விங்ஃபீல்டின் விதிநூலில் காணும் ஆடுகளம் இன்றையது போல் நீள்சதுரமானதன்று. வலையருகே இடை சிறுத்து உடுக்கை வடிவில் அமைந்தது. அக்களத்தை விரித்தற்குரிய புல்வெளியோ, எட்வின் பட்டிங் என்பார் 1830இல் புல்வெட்டும் பொறியைக் கண்டதனால் வாய்த்தது. புல்லில் எழும்பக்கூடிய பந்து, ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துப் பதப்படுத்தும் முறையால் வாய்த்தது. ஓய்வும் தோட்டமும் உடைய நடுத்தரக் குடும்பங்கள் பெருகியிருந்தன. பாதிரியார் இல்லத்துப் புல்வெளிகளிலும் மாளிகை முற்றங்களிலும் வலைகள் எழுந்தன.

1868இல் குரோக்கே விளையாட்டுக்கெனத் தொடங்கிப் பின் விம்பிள்டனின் வார்ப்பிள் சாலையில் அமைந்த கழகம், 1875இல் டென்னிஸுக்கும் இடங்கொடுத்தது. 1877இல் முதற்போட்டியை நடத்திற்று. குதிரை இழுக்கும் தரையுருளையைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டியே அப்போட்டி நடந்தது என்பது கழக வரலாற்றில் வழங்கும் செய்தி. இருபத்திருவர் கலந்துகொண்டனர். இறுதியாட்டத்தை ஆளுக்கொரு ஷில்லிங் கொடுத்து ஏறத்தாழ இருநூறு பேர் கண்டனர். ஸ்பென்சர் கோர், வில்லியம் மார்ஷலை 6-1, 6-2, 6-4 என்று வென்றார். வென்ற அவரே பின்னாளில் இவ்விளையாட்டைச் சலிப்பூட்டுவதென எழுதினார் என்பது ஒரு சுவையான முரண்.

கருவிக்கு எட்டாத வேகம்

இத்தொடக்க ஆண்டுகளின் ஆட்டத்தைக் காட்டும் படங்களில் பெரும்பாலானவை ஓவியர் வரைந்து மரத்தில் செதுக்கி அச்சிட்டவை. காரணம் எளிது. ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட ஈரத்தட்டு முறையில் படம் பதியச் சில நொடிகள் வேண்டும். பறக்கும் பந்து அதற்குள் பலமுறை வலையைக் கடந்துவிடும். ஓடுவோர் உருவம் புகைபோல் கலைந்துவிடும். 1870களின் இறுதியில் உலர்தட்டுகள் கடைக்கு வந்த பின்னரே நொடிக்குள் படம் பிடித்தல் பொதுவழக்காயிற்று.

எனவே அக்காலப் புகைப்படங்களில் ஆடுவோர் ஆடுவதில்லை, நிற்கின்றனர். படநிலையத்தில், தீட்டப்பட்ட திரைக்கு முன்னே, மட்டையை மார்போடு அணைத்து அசையாமல் நிற்கின்றனர். ஆட்டத்தின் விரைவைத் தேடுவோர் ஓவியரிடமே செல்லவேண்டியிருந்தது. ஓவியரோ, இதழ் விற்க வேண்டியவர்; நகைக்கத் தெரிந்தவர்.

விம்பிள்டனுக்கு அருகிலுள்ள கிங்ஸ்டனில் பிறந்த எட்வர்ட் மைபிரிட்ஜ், 1887இல் அமெரிக்காவில் வெளியிட்ட விலங்கியக்கப் படத்தொகுதியில் டென்னிஸ் ஆடுவோரின் அசைவுகளையும் கணங்கணமாகப் பிரித்துக் காட்டினார். இங்கிலாந்தில், கிரிக்கெட் வீரருமான ஜார்ஜ் பெல்டம், பி. ஏ. வைல் என்பாருடன் சேர்ந்து 1905இல் வெளியிட்ட நூல் டோஹர்ட்டி சகோதரர் முதலானோரின் அடிகளைப் படங்களாலேயே விளக்கிற்று. விங்ஃபீல்டின் பெட்டி வெளிவந்து முப்பதாண்டுகள் கடந்த பின் விளைந்த நூல் அது. அந்த இடைவெளியை நிரப்பியது பெரும்பாலும் ஓவியரின் கோடே.

நகையின் இலக்கு

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்தார். அது பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலை முதலில் வைத்தார். எள்ளி நகைப்பவர் யார், எள்ளப்படுபவர் யார் என்று கேட்டால் ஒரு சமுதாயத்தின் படிநிலைகள் புலப்பட்டுவிடும். 1841இல் தோன்றி, 1992இல் நின்று, 1996இல் மீண்டும் எழுந்து, 2002இல் முடிவுற்ற 'பஞ்ச்' என்னும் நகைச்சுவை இதழ் இவ்வகையில் ஒரு கருவூலம்.

விக்டோரியா காலப் பஞ்சில் மேட்டுக்குடியினரைத் தீட்டியவருள் தலையாயவர் ஜார்ஜ் டு மோரியே. பாரிசில் பிறந்து, இளமையிலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்து, எஞ்சிய கண்ணால் இலண்டன் வரவேற்பறைகளை அணுவணுவாகக் கண்டவர். அவர் பஞ்சில் பணியாற்றிய காலமும் புல்தரை டென்னிஸ் பரவிய காலமும் ஒன்றே. அவர்தம் டென்னிஸ் படங்களில் நெடிதுயர்ந்த மங்கையர் வருவர். அவர்கட்குப் பந்தெடுத்துக் கொடுக்கும் இளைஞர் வருவர். அங்கே ஆட்டம் வெறும் சாக்கு. மணவினைச் சந்தையே பொருள். ஆணும் பெண்ணும் பலர் காண ஒரே களத்தில் ஓடியாடலாம் என்னும் புதுமையைக் கண்டு இங்கிலாந்து கூச்சத்தோடு சிரித்தது. அச்சிரிப்பின் பதிவேடே இப்படங்கள்.

இவற்றை நாம் இரு வகையாகப் படிக்கலாம். பெண் ஆடுவது வேடிக்கை என்ற இழிப்பு அவற்றில் உண்டு. அதே வேளையில், ஓடும் பெண்ணை ஆயிரமாயிரம் வீடுகளின் மேசைமேல் கொண்டு வைத்தவையும் அவையே. கண்ணுக்குப் பழகிய ஒன்றை நெடுங்காலம் எள்ளிக்கொண்டிருக்க இயலாது. ஓவியர் கருதாமலே ஓவியம் இவ்வேலையைச் செய்தது.

ஓர் அங்குலம், ஓர் ஆண்டு

பந்தாடும் மகளிரின் விரைவைக் கந்துகவரியாகப் பாடிய மொழிக்குரியவர் நாம். ஆங்கிலேயப் பெண்ணின் ஓட்டம் எத்தனை தளைகளைத் தாண்டி வந்தது என்பதை அக்காலப் புகைப்படங்களில் ஆடையின் அளவுகொண்டே காணலாம்.

1884இல் விம்பிள்டன் முதன்முறையாக மகளிர் போட்டியை ஏற்றது. கலந்துகொண்டோர் பதின்மூவர். பாதிரியார் ஒருவரின் மகளான மாட் வாட்சன், இறுதியாட்டத்தில் தம் தமக்கை லிலியனை 6-8, 6-3, 6-3 என்று வென்றார். பரிசு, இருபது கினி மதிப்புள்ள வெள்ளிப் பூக்கூடை. தோற்றவருக்கு வெள்ளியும் கண்ணாடியும் இழைத்த கைந்நிலைக்கண்ணாடியும் வெள்ளிப்பிடித் தூரிகையும். வென்றாலும் தோற்றாலும் பெண் ஒப்பனை மேசைக்கே திரும்பவேண்டும் என்று பரிசளித்தோர் கருதினர் போலும்! மாட் வாட்சனின் படத்தில் காலை முழுதும் மறைக்கும் நீண்ட உடை. இடையை இறுக்கிய கச்சு. இதனோடு எப்படி ஓடினார் என்ற வினாவுக்குப் படத்தில் விடையில்லை. வெற்றிப் பட்டியலில் மட்டுமே உண்டு.

மூன்றாண்டுகளுக்குப் பின் லாட்டி டாட் என்னும் சிறுமி வருகிறார். 1887இல் பட்டம் வென்றபோது அவருக்கு வயது பதினைந்தே. புகைப்படத்தில் கிரிக்கெட் தொப்பியும், கையில் மட்டையும், அஞ்சாத பார்வையுமாக நிற்கிறார். பள்ளிச் சிறுமி என்பதனால் அவர் பாவாடை சற்றுக் குட்டையாக இருக்க இசைவு கிடைத்தது. வளர்ந்த பெண்ணுக்கு அவ்வுரிமை இல்லை. ஐந்து முறை பட்டம் வென்ற பின் டென்னிஸை விட்டுவிட்டு, ஹாக்கியில் இங்கிலாந்துக்கு ஆடினார். 1904இல் கோல்ஃப் பட்டம் பெற்றார். 1908 ஒலிம்பிக்கில் வில்வித்தையில் வெள்ளி வென்றார். வாசல் அடைத்திருந்தபோது சாளரத்தின் வழியே நுழைந்த குழந்தை அவர். பின்வந்தோர் அவரைக் காட்டியே வாசலைத் திறக்கக் கேட்டனர் எனலாம்.

டொரத்தியா லாம்பர்ட் சேம்பர்ஸ் ஏழுமுறை பட்டம் வென்றவர். 1910இல் மகளிர்க்கான டென்னிஸ் நூலொன்றை எழுதி, மட்டை பிடிக்கும் முறையைத் தம் படங்களாலேயே விளக்கினார். தரையில் புரளாத எளிய பாவாடையையே அணிக என்று அதில் அறிவுரைத்தார். சில அங்குலம் உயர்த்துதற்கு நூல் எழுத வேண்டியிருந்த காலம் அது. அக்கால மகளிரின் கச்சுகளில் இரத்தக்கறை படிந்திருந்ததைத் தாம் உடைமாற்றும் அறையில் கண்டதாக எலிசபெத் ரயன் என்னும் வீராங்கனை பின்னாளில் நினைவுகூர்ந்ததாகச் சொல்வர். அக்கறையைக் காட்டும் புகைப்படம் எதனையும் நான் கண்டதில்லை. வெண்மையே விதியாக இருந்த களத்தில் அதற்குப் படச்சட்டத்தின் விளிம்பிலும் இடமில்லை போலும்.

1913 பிப்ரவரியில், வாக்குரிமைப் போராளியான பெண் ஒருவர் விம்பிள்டன் களத்துக்குத் தீவைக்க எண்ணெயும் மரச்சீவலும் கொண்டு வந்து பிடிபட்டார். இரண்டு மாதச் சிறை பெற்றார். பெண்கள் பாவாடையை ஓர் அங்குலம் உயர்த்த இசைவு கேட்டதும், வாக்குச்சீட்டைக் கேட்டதும் ஒரே காலத்தில் என்பது நோக்கத்தக்கது.

போர் முடிந்தது. 1919 இறுதியாட்டப் படத்தில் இரு நூற்றாண்டுகள் வலையின் இருபுறமும் நிற்கின்றன. ஒருபுறம் நாற்பது வயதான லாம்பர்ட் சேம்பர்ஸ், நீள்கை மேலாடையும் கணுக்காலளவு பாவாடையும் அணிந்து. மறுபுறம் இருபது வயதான பிரெஞ்சுப் பெண் சூசன் லெங்லன், குட்டைக் கையும் கெண்டைக்காலளவு உடையும் அணிந்து, கச்சின்றி. மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் அரசியாரும் அவையில் இருந்தனர். 10-8, 4-6, 9-7, நாற்பத்துநான்கு ஆட்டங்கள். வெற்றிக்கு ஒரே புள்ளி தேவைப்பட்ட நிலையை சேம்பர்ஸ் இருமுறை எட்டினார். அவற்றுள் ஒருமுறை லெங்லனின் மட்டைச் சட்டத்தில் பட்ட பந்து வலைமேல் ஊர்ந்து அப்பால் வீழ்ந்தது. சேம்பர்ஸ் தோற்றார்.

புதுமை பழமையை வென்றது என்று எளிதாகச் சொல்லிவிடுவர். எனக்கோ அப்படத்தில் சேம்பர்ஸே பெரியவராகத் தெரிகிறார். இரு குழந்தைகளுக்குத் தாய். அத்தனை துணியைச் சுமந்துகொண்டு, தம்மில் பாதி வயதுடையவளை வெற்றியின் விளிம்பு வரை துரத்தியவர். லெங்லன் இரு கால்களும் தரையில் படாமல் வானில் தாவும் புகைப்படங்கள் உலகெங்கும் பரவின. அத்தாவலுக்குத் தரையைச் சமன் செய்து வைத்தவர் தோற்ற முதியவரே.

நடுவுக்கு வந்த பிறர்

மகளிர்க்குத் திறந்த வாயில் எல்லார்க்கும் திறந்துவிடவில்லை. ஃபிரெட் பெரி, கூட்டுறவு இயக்கத்தவரும் தொழிற்கட்சி சார்ந்த நாடாளுமன்ற உறுப்பினருமான ஒருவரின் மகன். 1929இல் மேசைப்பந்தில் உலகப் பட்டம் வென்றவர். 1934இல் ஆஸ்திரேலியரான ஜாக் கிராஃபர்டை 6-3, 6-0, 7-5 என்று வென்று விம்பிள்டன் பட்டம் பெற்றார். அன்று உடைமாற்றும் அறையில் கழகத்தார் ஒருவர், தகுதியுடையவன் தோற்றுவிட்டான் என்று கிராஃபர்டிடம் கூறியது தம் காதில் விழுந்ததென்றும், வென்றவர்க்குரிய கழகக் கழுத்துப்பட்டை தமக்குக் கையில் அளிக்கப்படாமல் நாற்காலிமேல் கிடந்ததென்றும் பெரி எழுதியுள்ளார். 1935, 1936 ஆண்டுகளிலும் வென்றார். 1936இல் பணத்துக்காக ஆடும் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றதும் கழகத்தில் அவர்க்கிருந்த கௌரவ உறுப்பினர் தகுதி போயிற்று. 1984இல் அதே கழகம் தன் வளாகத்தில் அவர்க்குச் சிலை நாட்டியது. நாற்காலியில் எறிந்த பட்டையிலிருந்து வெண்கலச் சிலைக்கு ஐம்பதாண்டுத் தொலைவு.

1954ஆம் ஆண்டுப் படங்களில் நமக்கு நெருங்கிய முகமொன்றும் காணக்கிடைக்கிறது. நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன், ஆஷ்லி கூப்பரை வென்று விம்பிள்டன் சிறுவர் பட்டத்தைப் பெற்றார். ஆசியர் எவரும் அதற்கு முன் அதைப் பெற்றதில்லை. 1960, 1961 ஆண்டுகளில் ஆடவர் அரையிறுதி வரை சென்றார்; அவரை வென்ற நீல் ஃபிரேசரும் ராட் லேவருமே அவ்வாண்டுகளில் பட்டம் சூடினர். ஆள்வோரின் புல்வெளியில் பிறந்த விளையாட்டு, நாடு விடுதலை பெற்ற ஏழாவது ஆண்டில் நம்மவர் ஒருவரைத் தன் படத்தின் நடுவில் நிறுத்திற்று.

திசை திரும்பிய சிரிப்பு

இக்கால ஓட்டத்தில் கேலிச்சித்திரமும் தன் இலக்கை மாற்றிக்கொண்டது. எச். எம். பேட்மன் என்னும் ஓவியர், சமுதாய நடையில் சிறு பிழை நேர்ந்தவனைச் சுற்றிச் சூழும் பேரதிர்ச்சியை வரைவதில் வல்லவர். விம்பிள்டன் நடுக்களத்தில் ஒரு சீமைக் காட்டுப்பூச்செடி முளைத்திருக்கக் கண்ட காட்சியை அவர் வரைந்தார். ஒரே ஒரு களைச்செடி. அதற்கு ஒரு பேரிடரின் திகைப்பு! டு மோரியே உள்ளே வருவோரைப் பார்த்துச் சிரித்தார். பேட்மன் வாயில் காப்போரைப் பார்த்துச் சிரித்தார். எள்ளல் திசைமாறியதே பழைய கோட்டை தளர்ந்ததன் அடையாளம்.

களைச்செடிக்கு அஞ்சிய அந்நடுக்களத்தின் மாடத்தில் 1940 அக்டோபர் 11 அன்று மெய்யாகவே குண்டு விழுந்தது. ஆயிரத்து இருநூறு இருக்கைகள் அழிந்தன. கூரை பிளந்து கிடக்கும் அப்படத்தில் புல்வெளி அமைதியாக இருக்கிறது. போர்க்காலத்தில் அக்கழக வளாகத்தில் பன்றிகளும் கோழிகளும் வளர்க்கப்பட்டன. 1946இல் ஆட்டம் மீண்டும் தொடங்கிற்று.

விளிம்பில் நிற்போர்

எல்லாப் படங்களையும் பார்த்து முடித்தபின் மீண்டும் முதலிலிருந்து விளிம்புகளை மட்டும் பார்த்தேன். வலைக்கம்பத்தின் அருகே குனிந்தும், பின்சுவரோரம் கைகட்டியும் சிறுவர் நிற்கின்றனர். பந்து பொறுக்கித் தருவோர். 1920களிலும் 1930களிலும் அவர்கள் ஷாஃப்ட்ஸ்பரி சிறுவர் இல்லத்திலிருந்து வந்தனர். 1946 முதல் இருபதாண்டுகள் வரை பர்னார்டோ அறநிறுவனத்தின் சிறுவர் வந்தனர். பின்னரே பள்ளிப் பிள்ளைகள் அவ்விடத்துக்கு வந்தனர், பெண்பிள்ளைகள் 1977இல். ஆதரவற்ற பிள்ளைகள் செல்வர் விளையாட்டின் பந்துகளை எடுத்துக் கொடுத்த அந்த ஆண்டுகளின் படங்களுக்குக் கீழே ஆடியவர் பெயர் இருக்கும், நாள் இருக்கும். சிறுவர் பெயர் இராது.

இங்கே ஓர் ஒப்புமை என்னை நிறுத்திவிட்டது. தாமஸ் பர்னார்டோ தம் இல்லத்துக்கு வந்த குழந்தைகளைப் படமெடுத்துப் பதிவுசெய்யும் வழக்கத்தை 1874இல் தொடங்கினார். விங்ஃபீல்ட் காப்புரிமை பெற்ற அதே ஆண்டு. கந்தலாடையில் ஒன்றும் நல்லாடையில் ஒன்றுமாக அவர் வெளியிட்ட படங்கள் புனைந்தவை என்னும் குற்றச்சாட்டு நடுவர் மன்றத்தின்முன் விசாரிக்கப்பட்டது 1877இல். விம்பிள்டனில் முதற்போட்டி நடந்த அதே ஆண்டு. அவ்வில்லத்தின் ஆவணங்களில் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் முகங்கள் உள்ளன. அங்கே ஒவ்வொரு முகமும் படச்சட்டத்தின் நடுவில் இருக்கிறது. ஏழ்மைக்குச் சான்று தேவைப்பட்டபோது நடுவில் நிறுத்தப்பட்ட இல்லத்துப் பிள்ளைகள், விளையாட்டின் அழகைப் படமெடுத்தபோது விளிம்புக்குச் சென்றுவிட்டனர்.

மாட் வாட்சனும் லாட்டி டாட்டும் பெரியும் கிருஷ்ணனும் விளிம்பிலிருந்து நடுவுக்கு வந்தனர். அவ்வரவைக் கேலிச்சித்திரம் சிரித்துக்கொண்டே பதிந்தது. புகைப்படம் சிரிக்காமல் பதிந்தது. பந்தெடுத்த சிறுவரோ இரண்டினும் பெயரின்றியே நிற்கின்றனர்.

நம் மலருக்கெனத் தேடியெடுத்த குழுப்படத்தை அச்சுக்கு அனுப்புமுன், அதன் இடது ஓரத்தில் பாதி முகத்தோடு நிற்பவர் யார் என்று மூத்த உறுப்பினரைக் கேட்டு, அப்பெயரையும் கீழே சேர்க்குமாறு தொகுப்பாளரை வேண்டிக்கொள்கிறேன்.